தலை நாலு எழுத்து, வால் நாலு எழுத்து

“…தலை நாலு எழுத்தும் சரியா இருந்துச்சு, வால் நாலு எழுத்தும் சரியா இருந்துச்சு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே தான்ணே பாத்தேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ பாத்தேன்.”

என் தங்கை இதைச் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் ஈப்போவில், புந்தோங்கில், அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலை. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தோம். நாலாக மடித்த புகார்த் தாள் மேசைமேல் கிடந்தது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எங்கே தவறியது என்று அவளாகவே திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

தேடிப் பார்ப்பதுதான் அவள் வேலையே. ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். கையுறைக்குள் காற்றை ஊதி, தண்ணீரை ஊற்றி, கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளையைக் கண்டுபிடிப்பவள். அவள் கையைத் தாண்டி ஓட்டைக் கையுறை போனதில்லை என்று மேலதிகாரியே சொல்வாராம். அப்படிப்பட்டவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டார்கள். தூவினவனுக்கு அதைக் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

நான் பெரிய படிப்பாளி கிடையாது. பதினைந்து வயசில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பசார் பக்கத்தில் கைபேசி உறை, சார்ஜர், டாப்-அப் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். போன் வேலையெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. படம் பார்த்தும், பத்துப் பேரிடம் கேட்டும், இரண்டு மூன்று போனைக் கெடுத்தும் வந்த அறிவு. கடைக்கு வருகிறவர்கள் பொருளோடு ஒரு பேச்சையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். எனக்கும் ஜனங்கள் வாயில் வரும் சொலவடை என்றால் உயிர். பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் லாரிக்கார அண்ணன் ஒருவர் சொல்வார்: “தேங்காய ஆட்டிப் பாக்காம வாங்குனவன், வீட்டுக்குப் போய் மண்டைய ஆட்டுவான்.” அதை நான் எத்தனை பேரிடம் எடுத்துவிட்டிருப்பேன் தெரியுமா? சொலவடை கையில் இருந்தால் புத்தியும் கையில் இருக்கிறது என்று ஒரு நினைப்பு எனக்கு.

மச்சான், அதாவது தங்கையின் வீட்டுக்காரர், வெல்டர். கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. ஒன்பது மாதம் அங்கே, மூன்று வாரம் இங்கே. அவருடைய குத்தகைக்காரன் சம்பளத்தில் பாதியை டிஜிட்டல் டாலராகத்தான் கொடுப்பான். மச்சான் அதைத் தங்கையின் போனில் இருக்கும் வாலட்டுக்கு அனுப்புவார். தங்கை அதை ரிங்கிட்டாக மாற்றித் தரும் ஒரு செயலிக்கு அனுப்பி, அங்கிருந்து பேங்குக்கு எடுப்பாள். இந்த வழியை அவளுக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்.

வாலட் என்று ஒன்று இருந்தால் அதற்கு முகவரி என்று ஒன்று இருக்கும். வீட்டு முகவரி மாதிரி இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்து முப்பத்து நாலு. வாயில் நுழையாது, மனசில் நிற்காது. போன் திரையிலும் முழுசாகத் தெரியாது. தலையில் நாலு எழுத்து, வாலில் நாலு எழுத்து, நடுவில் புள்ளி புள்ளியாக இருக்கும். தங்கை முதல் தடவை அதைப் பார்த்து மிரண்டுபோனாள். “இத எப்படிண்ணே சரி பாக்குறது?” என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே எங்கம்மா மீன் வாங்குகிற கதையைச் சொன்னேன். தலையைப் பார், வாலைப் பார், நடுவில் இருப்பதை அது ரெண்டும் சொல்லிவிடும் என்பார் அம்மா. போதாததற்குத் தோட்டத்துக் கணக்கையும் சேர்த்துக்கொண்டேன். நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் வாளிக்கு ஒரு எண் உண்டு. முன்னால் இருப்பது டிவிஷன், கடைசியில் இருப்பது ஆள், நடுவில் இருப்பது எல்லாருக்கும் ஒன்றேதான். கங்காணி நடுவைப் படித்து நான் பார்த்ததே இல்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் கண் அப்படித்தான் பழகியிருந்தது.

“தலை நாலு, வால் நாலு. அது போதும்மா,” என்றேன்.

இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தேன். அந்த மாற்றுகிற செயலிக்குள் போய் முகவரியை எடுப்பது தொல்லை. முகத்தைக் காட்டு என்று கேட்கும், ரகசிய எண்ணைக் கேட்கும், குறுஞ்செய்தி அனுப்பும். எதற்கு அவ்வளவு பாடு? போன தடவை அனுப்பியது வாலட்டின் பட்டியலில் மேலேயே இருக்கும், அதைத் தொட்டு காப்பி எடுத்துக்கொள் என்றேன். மூன்று வருஷம் அப்படியே செய்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. தவறாமல் நடந்ததுதான் எங்களைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பணம் எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். தங்கைக்கு நாற்பத்து இரண்டு வயது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். குழந்தைக்காக இரண்டு தடவை சிகிச்சை எடுத்தாள். முதல் தடவை தங்கவே இல்லை. அதற்கு அவள் நகையெல்லாம் போனது. இரண்டாவது தடவை கடன் வாங்கிச் செய்தார்கள். தங்கியது. ஒன்பது வாரம் இருந்தது. அந்த ஒன்பது வாரமும் மச்சானைத் தவிர என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று. பத்தாவது வாரம் என் கடைக்கு வந்து, உறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இல்லண்ணே, போச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடிப்பதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

அந்தக் கடனை அடைக்க இரண்டு வருஷம். பிறகு மூன்றாவது தடவைக்குச் சேர்க்க ஆரம்பித்தார்கள். இனிமேல் கடன் கிடையாது என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். டாக்டரும் ஒளிக்காமல் பேசினார். இந்த வருஷம் என்றால் முயன்று பார்க்கலாம், அடுத்த வருஷம் என்றால் என்னால் நம்பிக்கை சொல்ல முடியாது என்று. மச்சானின் மூன்று வார லீவுக்குத் தோதாகத் தேதி குறித்தார்கள். திங்கட்கிழமைக்குள் பணம் கட்டினால் ஊசி ஆரம்பிக்கலாம். மாதாமாதம் வீட்டுக்கு எடுத்தது போகச் சேர்ந்த அத்தனை பணமும் வாலட்டில் இருந்தது. செலவுக்கு என்று எடுக்க மனசு வராமல், தொட்டால் கரைந்துவிடும் என்று அங்கேயே விட்டு வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. பெரிய தொகை என்பதால் முதலில் பத்து டாலர் அனுப்பிப் பார், போய்ச் சேர்ந்தால் மிச்சத்தை அனுப்பு என்று சொல்லியிருந்தேன். அது நல்ல புத்திதான். இன்றைக்கும் சொல்வேன். மத்தியானம் போன் பண்ணினாள்.

“அண்ணே, பத்து ஏறிருச்சு. மிச்சத்தையும் இப்பவே தட்டி விட்டுரவா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று இருபத்தாறு.

“இன்னும் நாலு நிமிஷத்துல ராகுகாலம்மா. மூணு மணி தாண்டட்டும்.”

“கண்ணுல பாக்க முடியாத காசுக்குமா ராகுகாலம்?”

“காசுக்கு இல்ல, காரியத்துக்கு.”

அவள் சிரித்தாள். “சரிலா. உங்க வாயில நல்லது வந்தா சரி,” என்று போனை வைத்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் அவள் துணி துவைத்தாள், குளித்தாள், சாமி விளக்கு ஏற்றினாள். நான் இரண்டு போனுக்குக் கண்ணாடித் திரை ஒட்டினேன், தே தாரிக் குடித்தேன். நல்ல நேரத்துக்குக் காத்திருந்தோம். மூன்று அடித்து நாலாவது நிமிஷம் வாலட்டைத் திறந்து, பட்டியலில் மேலே இருந்த முகவரியைத் தொட்டு, தலை நாலு, வால் நாலு பார்த்து, அனுப்பிவிட்டாள்.

மூன்று இருபதுக்கு “ஏறலண்ணே,” என்றாள். பெரிய தொகை, கொஞ்சம் நேரம் எடுக்கும் என்றேன். மூன்றே முக்காலுக்கு மறுபடியும் கூப்பிட்டாள். அப்போது கேட்டேன், பட்டியலில் மேலே எத்தனை வரி இருந்தது என்று. “நீங்க அனுப்பச் சொன்ன பத்துக்கு மேல புதுசா ஒன்னு இருந்துச்சு. ஒன்னுமில்லாத தொக, சைபர் சைபரா. அதே முகவரிதான். பத்து வந்ததுக்கு அவங்க அனுப்புற ரசீதுன்னு நெனச்சேன்,” என்றாள்.

கடையைப் பூட்டினேனா, சாத்தினேனா என்று ஞாபகம் இல்லை. பக்கத்துக் கடையில் குவே பலகாரம் விற்கும் மலாய்க்கார அக்கா பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் புந்தோங் போய்ச் சேர்ந்தேன்.

அவள் போனிலேயே எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். இந்தக் காசு எங்கே போனது, எத்தனை மணிக்குப் போனது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கத்தான் முடியும், பிடிக்க முடியாது. இரண்டு முகவரியையும் ஒரு தாளில் கீழும் மேலுமாக எழுதினேன். தலை நாலும் ஒன்று. வால் நாலும் ஒன்று. நடுவில் இருபத்தாறு எழுத்தும் வேறு வேறு. ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லை. யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, பெரிய தொகை உள்ள வாலட் எது, அது யாருக்கு அனுப்புகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறான். மனுஷன்கூட இல்லை, அவன் எழுதி விட்ட இயந்திரம். தங்கை பத்து டாலர் அனுப்பியதும், அதே தலையும் அதே வாலும் வருகிற மாதிரி ஒரு முகவரியை உண்டாக்கி, தூசி அளவு காசை அவளுக்கு அனுப்பி, பட்டியலில் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அவளாகத் தொட்டு எடுக்கட்டும் என்று காத்திருந்தது.

எப்போது வந்து உட்கார்ந்தது என்றும் பார்த்தேன். ஒன்று நாற்பத்தொன்று. ராகுகாலம் ஆரம்பித்துப் பதினோராவது நிமிஷம்.

அதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. அவள் மச்சானைக் கூப்பிட்டாள். கடலுக்கு நடுவே இருப்பதால் குரல் வெட்டி வெட்டித்தான் வரும். அவள் முழுக்கச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். பிறகு மச்சான், “நீ சாப்ட்டியா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அவள் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.

மறுநாள் காலையில் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். சின்ன வயசு அதிகாரி, மரியாதையாகப் பேசினார். யாருக்கு அனுப்பினீர்கள் என்று மலாயில் கேட்டார். தெரியாது என்றேன். பெயர்? தெரியாது. போன் நம்பர்? இல்லை. எந்த நாடு? தெரியாது. என்னதான் இருக்கிறது என்று கேட்டார். முகவரி எழுதிய தாளைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கணினியில் தட்டினார். தட்டி முடித்ததும், புகாரில் தப்பு வந்துவிடக் கூடாது, நான் படிக்கிறேன், சரி பாருங்கள் என்றார். முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்து, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று சொல்லிச் சொல்லி, முப்பத்து நாலையும் நிதானமாகப் படித்தார். தங்கை விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். நடுப்பகுதி வந்தபோது அவள் விரல் நின்றுவிட்டது. அதிகாரி காத்திருந்தார். நான்தான் மிச்சத்துக்கு “ஆமாம், ஆமாம்” என்றேன்.

திரும்பி வரும்போது மச்சானின் காரில் வைத்துச் சொல்லிவிட்டேன். நீ கேட்டபோதே அனுப்பு என்று சொல்லியிருந்தால் அது வந்து உட்காருவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே காரியம் முடிந்திருக்கும், நான்தான் நிறுத்தி வைத்தேன் என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது, “நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க,” என்றாள். பச்சை விழுந்ததும் காரை எடுத்தேன்.

பணத்தைப் புரட்ட முடியாதா என்று கேட்பீர்கள். நானும் இரவெல்லாம் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். மகள் தஞ்சோங் மாலிமில் படிக்கிறாள், அவள் கட்டணம் கட்டிய கையோடு இருந்தேன். கடைச் சரக்கை வந்த விலைக்கு விற்றாலும் மூன்றில் ஒரு பங்கு தேறாது. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். கடன் வாங்கலாம் என்று வாய் எடுத்தேன். “மறுபடியும் கடன்ல ஒரு புள்ள வேணாம்ணே. அது வந்தாலும் வராட்டாலும் நாம அடச்சுக்கிட்டே இருப்போம்,” என்றாள். மச்சானின் இந்த லீவை விட்டால் அடுத்ததுக்கு ஒன்பது மாதம். அதற்குள் டாக்டர் சொன்ன வருஷம் முடிந்துவிடும்.

இது நடந்து சில மாதம் ஆகிறது. இப்போது கடைக்கு யாராவது வந்து, அண்ணே, இந்த டிஜிட்டல் காசு அனுப்பணும், எப்படி என்று கேட்டால், முதலில் நாற்காலியைப் போட்டு உட்கார வைக்கிறேன். பட்டியலில் இருந்து எடுக்காதே என்கிறேன், அது யார் வேண்டுமானாலும் வந்து பெயர் எழுதிவிட்டுப் போகிற பொதுச் சுவர். காசு எங்கே போக வேண்டுமோ அங்கேயே போய் முகவரியை எடு. முகத்தைக் காட்டச் சொன்னால் காட்டு. எடுத்ததை உன் வாலட்டிலேயே பெயர் போட்டுச் சேமித்து வை. முழுசாகத் திற, நடுவைப் படி, வாய்விட்டுப் படி. நீ அனுப்பாமல், கேட்காமல், தூசி மாதிரி ஏதாவது வந்தால் அதன் பக்கம் விரலைக் கொண்டு போகாதே. சோதனைக்குச் சின்னத் தொகை அனுப்பினால், பெரிய தொகைக்கும் அதே சேமித்த முகவரியைத்தான் தொட வேண்டும். நடுவில் எவ்வளவு நேரம் போனாலும் மறுபடியும் முழுசாகப் படி.

சில பேர் சிரிப்பார்கள். லாரிக்கார அண்ணன்கூட ஒரு நாள் கிண்டலாக, “என்னா, இப்பல்லாம் பழமொழியே வர மாட்டேங்குது, பாடம்தான் வருது?” என்றார். வயசாகிவிட்டது என்று சொல்லி மழுப்பினேன். நல்ல நேரம் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அது உங்கள் விருப்பம் என்று சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தை மட்டும் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சமையலறையில் அவள், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே தான்ணே பாத்தேன், ரெண்டு தடவ பாத்தேன் என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான் தப்பு என்னுது என்றேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் ஒரு குவளை எடுத்து ஊற்றி, குடிக்காமல் எனக்கு முன்னால் வைத்தாள். பிறகு போனை எடுத்தாள். நான் மச்சானைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். தேதி குறித்துக் கொடுத்த தாதியை வரச் சொல்லிக் காத்திருந்தாள். அந்தம்மா தமிழ்க்காரர், இரண்டு தடவையும் இவள் பக்கத்தில் நின்றவர். இவள் அழவில்லை. மளிகைக் கடையில் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

“அக்கா, திங்கக்கெழம நான் வரல. இல்ல, தள்ளிப் போட வேணாம். எம் பேர எடுத்துருங்க.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இவள் “இல்லக்கா, நல்லா இருக்கேன்,” என்றாள். இன்னும் ஏதோ கேட்டார்கள். இவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன்.

“எனக்கு அடுத்தாப்ல யாரு பேரு எழுதியிருக்கு?” என்று கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டாள். “அப்ப அவங்களுக்கு என் தேதியக் குடுத்துருங்க. மொத தடவன்னா பயந்துக்கிட்டு இருப்பாங்க. ஊசி எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்னு சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.